நாலத்தனை

2022 பிப்ரவரியில் உசிலம்பட்டியில் ஒரு கலியாண வீடு. பந்தி முடிந்து கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அக்காவின் குரல் காதில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரிடம் என்னைச் சுட்டிக்காட்டி, "நாங்க கஷ்டப்பட்ட காலத்துல, ஒன்னுக்கும் ஒதவாத அந்தக் கரிசக்காட்டுக்கு ஒன்றரை லட்சம் குடுத்துக் கைதூக்கிவிட்டது இந்தத் தம்பிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் சிரித்துவைத்தேன்.

அந்தக் காடு ஒன்றுக்கும் உதவாதது அல்ல. திருமங்கலத்துக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த 60 சென்ட் நிலம் அது. அப்பா 2006-லும் அம்மா 2009-லும் இறந்தபின் அது எங்கள் இருவருக்கும் பொதுவாக வந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது எனக்குத் தெரியும். சென்ட் முப்பதாயிரத்துக்கு ஒரு தரகர் விலை பேசிவிட்டுப் போயிருந்ததும் தெரியும். அக்காவுக்கு இரண்டும் தெரியாது. "வானம் பாத்த பூமி, தீர்வை கட்டுறதுதான் மிச்சம்" என்று சொல்லி, 2010-இல் அவளிடம் ஒன்றரை லட்சத்துக்கு, தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். எட்டு மாதத்தில் 18 லட்சத்துக்கு விற்றேன். அந்தப் பணத்தில்தான் இன்று நான் இருக்கும் வீட்டின் மாடி எழுந்தது.

ஏமாற்றியவன் திட்டு வாங்கினால் தாங்கிக்கொள்ளலாம். ஏமாந்தவள் நாலு பேர் நடுவில் நன்றி சொல்வதைத் தாங்க முடியவில்லை. அந்த ஆண்டு சாம்பல் புதன் மார்ச் 2-ஆம் தேதி வந்தது. அன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்குமான நோன்புக் காலமாகிய லெந்து நாட்கள் முழுவதும் நான் யோசித்ததையும், அதன்பின் நடந்ததையும் எழுதிவைக்கவே இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நான் மனந்திரும்பாதவனாக என்னை ஒருபோதும் எண்ணியதில்லை. ஏறத்தாழ 600 ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்தில் முழங்காலிட்டுப் பாவ அறிக்கையைச் சபையாரோடு சேர்ந்து சொல்லியிருக்கிறேன். தமுக்கம் மைதானத்தில் நடந்த கூட்டங்களில் பாட்டு உருக்கமாக ஏறும்போது கையை உயர்த்திக் கண்ணீர் விட்டிருக்கிறேன். அந்தக் கண்ணீர் பொய்யும் அல்ல. ஆனால் நம் பாவ அறிக்கையில் ஒரு வசதி இருக்கிறது: அது "நாங்கள்" என்று பேசுகிறது. நினைவாலும் சொல்லாலும் செயலாலும் நாங்கள் பாவம் செய்தோம் என்று முந்நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது, திருமங்கலத்துக் கரிசல்காடு அந்த முந்நூறு குரலுக்குள் எங்கோ போய் மறைந்துகொள்கிறது. சபை ஒன்றாக அறிக்கையிடுவதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருந்தவன் நான்.

51-ஆம் சங்கீதமும் எனக்கு ஒளிவிடமாக இருந்தது. "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று தாவீது பாடுகிறான். ஒருவருக்கே என்றால், தாவீது ராஜா மனைவியைப் பறித்துக்கொண்டு போர்முனையில் சாகவைத்த உரியா என்ன ஆனான்? பல ஆண்டுகள் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை, வராமல் இருந்தது சௌகரியமாகவும் இருந்தது, ஏனென்றால் பாவம் கடவுளுக்கு விரோதமானது மட்டும்தான் என்றால் கணக்கையும் அவரோடு மட்டும் தீர்த்துக்கொள்ளலாம், அவரோ இரக்கமுள்ளவர், உசிலம்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்தச் சங்கீதத்துக்கு முன்கதை 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துச் சமைத்த கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும், அது தன் கதை என்று அறியாத தாவீது கொதித்தெழுந்து, அவன் நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்னபோது, செலுத்துவதற்கு எதிரே ஆள் இல்லை. உரியா செத்துப் போயிருந்தான். தாவீது கடவுளிடம் மட்டும் போய் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கடன்காரன் உயிரோடு இல்லை. என் கடன்காரி உயிரோடு இருந்தாள், கலியாண வீட்டில் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

"மனந்திரும்புதல்" என்ற நம் சொல்லைப் பற்றி ஒரு பத்தி. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான மெட்டனோயா, மனம் மாறுவதைச் சொல்கிறது. பழைய தீர்க்கதரிசிகள் வாயில் வரும் எபிரெயச் சொல்லான ஷூவ், போன வழியிலிருந்து கால் திரும்பி வருவதைச் சொல்கிறது. நம் வேதாகமத்தின் தமிழ்ச் சொல் இரண்டையும் ஒன்றாய் முடிந்துவைத்திருக்கிறது: மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. இலத்தீன் வேதாகமத்தில் இதே இடம் "தவம் செய்யுங்கள்" என்று கொள்ளும்படி இருந்தது. அந்தப் பொருளோடு சேர்ந்து வளர்ந்த பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்துத்தான் மார்ட்டின் லூதர் 1517-இல் தம் 95 கருத்துரைகளை எழுதினார். விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே கிறிஸ்துவின் விருப்பம் என்பது அவற்றில் முதலாவது. சீட்டுக்கு விலை உண்டு, வாங்கியதும் காரியம் முடிந்துவிடும். வாழ்க்கை முழுவதும் என்றால் முடிவதில்லை. நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள், சீட்டு வாங்குவதில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. ஆலயக் கட்டட நிதிக்கு நான் தாராளமாகக் கொடுத்த ஆண்டு 2011 என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பற்றிச் சொல்லும் இடத்தில் (மத்தேயு 27) நம் வேதாகமம் மனந்திரும்பினான் என்று சொல்வதில்லை, "மனஸ்தாபப்பட்டு" என்கிறது. மூலமும் அங்கே வேறு சொல்லைத்தான் வைத்திருக்கிறது. யூதாஸ் மனஸ்தாபப்பட்டதோடு நிற்கவில்லை, முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் கொண்டுபோன இடம் ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். யாருக்குத் துரோகம் செய்தானோ அவரிடம் அவன் போகவே இல்லை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுரு அந்த இரவில் அழுதான். பின்னர் கடற்கரையில் கரி நெருப்பின் அருகே, மறுதலித்தவரையே நேருக்கு நேர் பார்த்து மூன்று முறை பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் மனஸ்தாபம் என்றால் வேறொரு பொருள்: அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். வேதாகமத்துச் சொல் நம் தெருவில் இப்படித் தடம்மாறியதில் ஓர் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. துக்கம் மட்டும் இருந்து, ஆளிடம் போகாமல் இருந்தால், அது கடைசியில் உறவு முறிவாகத்தானே நிற்கும்.

ஆகவே எவ்வளவு என்ற கேள்விக்கு வந்தேன். இது கேவலமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் வேதாகமம் இதற்கு வெட்கப்படுவதில்லை. எபேசு பட்டணத்தில் மாயவித்தைக்காரர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தபோது, அவற்றின் கிரயத்தைத் தொகைபார்த்து ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று கண்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம் எழுதிவைத்திருக்கிறது. ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும். விற்றால் வித்தை வேறொருவன் வீட்டுக்குப் போகும், அதனால் எரித்தார்கள்.

எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தின்படி, குற்றம் செய்தவன் தானாக அறிக்கையிட்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்குக் கொடுக்க வேண்டும். யாத்திராகமம் 22-இன்படி, ஆட்டைத் திருடி அதைக் கொன்றோ விற்றோ போட்டவன் ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்க வேண்டும். ஆடு அவன் கையில் உயிரோடு அகப்பட்டால் இரண்டு. முன்னது தானாக வந்து சொன்னவனுக்கு, பின்னது திருடனுக்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு எனக்குப் புரிந்தான். லூக்கா 19-இல் யாரும் அவன்மேல் வழக்குப் போடவில்லை. தானாகச் சொல்கிறவனுக்குரிய ஐந்தில் ஒரு பங்குச் சலுகை அவனுக்கு இருந்தது. அவனோ பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கு என்று சொல்லிவிட்டு, நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று, அகப்பட்ட திருடனின் கணக்கைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. இயேசு அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று சொன்னது முதலில். அவன் பணத்தைப் பற்றிப் பேசியது பிறகு. விலை கொடுத்ததால் விருந்தாளி வரவில்லை. விருந்தாளி ஏற்கெனவே வாசலுக்குள் வந்துவிட்டதால், இனி வீட்டில் மறைத்துவைக்க இடமில்லாமல் போயிற்று.

என் கணக்கு இது. 18 லட்சத்தில் அக்காவின் பாதி 9 லட்சம். கொடுத்தது ஒன்றரை. பாக்கி ஏழரை. ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 9 லட்சம். நாலத்தனை என்றால் 30 லட்சம். நான் ஆட்டை விற்றவன், அதனால் நியாயமாக எனக்குப் பின்னதுதான் பொருந்தும். சகேயுவாக எனக்குத் துணிவு இல்லை. ஓய்வுபெற்றபோது வந்து, வைப்புத் தொகையாகக் கிடந்த பணத்திலிருந்து ஒன்பது லட்சம் என்று முடிவு செய்தேன்.

முடிவை வீட்டில் சொன்னபோதுதான் வேதாகமத்தின் ஒரு மௌனம் எனக்கு உறைத்தது. சகேயுவுக்கு மனைவி இருந்தாளா, பாதி ஆஸ்தி போகிறது என்று கேட்டபோது அவள் என்ன சொன்னாள், லூக்கா எழுதவில்லை. என் மனைவி சொன்னாள்: "தப்பு பண்ணும்போது என்னைக் கேக்கல. பரிகாரம் பண்ணும்போது மட்டும் என் காசும் சேர்ந்து போகணுமா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவள் மாடி கட்டும்போது வளையலைக் கழற்றிக் கொடுத்தவள். நிலத்தின் கதை அப்போது அவளுக்கு முழுதாகத் தெரியாது.

மனந்திரும்புகிறவனின் செலவை அவன் மட்டும் கட்டுவதில்லை என்பதை இந்த மண்ணின் சரித்திரமே சொல்கிறது. ராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியார் 1606-இல் மதுரைக்கு வந்து தொடங்கிய பணியின் வழியில் வந்தவர், அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ. 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற தலைவர் நோய் நீங்கிச் சுகமடைந்தபின் ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியரை உடையவர் அவர். ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விட வேண்டும் என்பது நிபந்தனை. விட்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அந்தச் சீமையின் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அவள் அரண்மனையில் முறையிட, அருளானந்தர் பிடிக்கப்பட்டு, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவான அதே 1947-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

ஓரியூருக்கு நான் இருமுறை போயிருக்கிறேன். சிவந்த மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுவயதில் கேட்டபோது அந்தப் பெண் இந்தக் கதையின் வில்லியாகவே என் மனத்தில் பதிந்தாள். இப்போது அப்படி எண்ண முடியவில்லை. ஒருவர் மனந்திரும்பினார், அதற்கு இன்னொருவர் உயிர் விலையானது, வேறு சில பெண்கள் ஒரே நாளில் வாழ்விழந்து நின்றார்கள், அவர்களில் ஒருத்தி சும்மா இருக்கவில்லை. தடியத்தேவர் மனந்திரும்பாமலே இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களுக்கு அவர் என்ன செய்தார், செய்தாரா என்று கேட்கும் உரிமை, மனைவியின் கேள்விக்குப் பதிலில்லாமல் நின்ற எனக்கு வந்துவிட்டது.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் உசிலம்பட்டிக்குப் போனேன். மச்சான் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கேட்டது, எத்தனை இடத்தில் "அந்தச் சூழ்நிலையில்" என்று சேர்த்துக்கொள்கிறேன் என்று. அக்கா அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "2010-ன்னா, மூத்தவனுக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடச்ச வருசம்" என்றாள். பணம் கட்ட முடியாமல் அந்த இடத்தை விட்டதும், அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் எனக்குத் தெரியும். அப்போது நானே போய், படிப்பெல்லாம் கடவுள் சித்தம் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மருமகனின் அந்த நான்கு வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு? நாலத்தனை எவ்வளவு? எண்ணாகமத்தில் அதற்கு வாய்பாடு இல்லை.

மச்சான் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்; கணக்கு அவர் விரல்நுனியில். "ஏழர லட்சத்த ஏழு வட்டிக்கு பேங்குல போட்டிருந்தா பன்னெண்டு வருசத்துல கிட்டத்தட்ட பதினேழு லட்சம் மாப்ள" என்றார், கோபமில்லாமல், சில்லறை பாக்கியைச் சொல்வதுபோல. வேத வசனத்தின்படி கூட்டிக் கொடுக்கிறேன் என்று நான் கொண்டுபோன பெருந்தன்மை, வங்கி வட்டிக்குக்கூட எட்டவில்லை. மீதி எட்டு லட்சத்துக்கு ஒரு வழி செய்தோம்: மாடியின் வாடகை ஒன்பதாயிரம், மாதா மாதம் அக்காவின் கணக்குக்குப் போகிறது. 2022 ஜூலையில் தொடங்கியது, 2029 நவம்பரில் முடியும். என் மனைவி இதற்குச் சம்மதித்தாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

கிடைத்தது என்ன என்று கேட்கிறவர்களுக்கு: மன நிம்மதி என்று எழுத ஆசைதான், ஆனால் அது முழு உண்மையாகாது. முதல் ஓராண்டு அக்கா தானாகப் போன் செய்யவே இல்லை. உறவுக்குள் என் பேர் கெட்டது. எந்த நாலு பேர் முன் புகழ்ந்தாளோ அவர்கள் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பொய்யை வைத்துக் காப்பாற்ற நான் செய்த செலவு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விருதுநகரில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால், அக்காவோடு ஒரே வண்டியில் போகாதபடி ஏதாவது காரணம் சொல்லுவேன், ஏனென்றால் வழியில் அந்த நிலம் வரும், அதன்மேல் எழுந்த கடைகளும் வரும். யாராவது மனை விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் மழையைப் பற்றிப் பேசுவேன். அக்கா என்னைத் "தம்பி" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குள் ஒரு கதவைச் சாத்த வேண்டியிருந்தது. இப்போது சாத்த வேண்டியதில்லை. 2023 கிறிஸ்துமசுக்குப் பிறகு அவள் ஒருநாள் போன் செய்து, வாடகை நாலு நாள் தாமதம் என்று சிறுவயதில் திட்டியதைப்போலத் திட்டினாள். அந்தத் திட்டு, உசிலம்பட்டிக் கலியாண வீட்டில் கிடைத்த புகழைவிட நல்லதாக இருந்தது. ஆலயத்தில் பாவ அறிக்கை வரும்போது "நாங்கள்" என்ற இடத்தில் என் நாக்கு இன்றும் ஒரு கணம் நிற்கிறது, பிறகு சேர்ந்துகொள்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அன்று முற்றத்தில், தொகை பேசி முடித்தபிறகு அக்கா சொன்னாள்: "பணம் இருக்கட்டும். அன்னைக்கு என்கிட்ட எழுதி வாங்குனேல்ல, இன்னைக்கு நீ எழுதிக் குடு."

திருமங்கலத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபது ரூபாய் முத்திரைத்தாளோடு போனேன். கிரயம், தானம், விடுதலை, அடமானம் என்று ஆயிரக்கணக்கில் எழுதிய மனிதர் அவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு என்ன பத்திரம்னு சார் தலைப்புப் போடுறது?" என்றார். உறுதிமொழி என்று போட்டுக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்து, பழகிய நடையில் மளமளவென்று தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். "மேற்படி சொத்தின் மதிப்பு குறித்து என் சகோதரிக்குத் தவறான தகவல் சென்றடைய நேரிட்டது" என்ற வரியில் விரல் நின்றது.

"நேரிட்டதுன்னா என்ன தம்பி? யாரு சொன்னா?"

"நான்தான்க்கா."

"அப்ப அத எழுது."

மறுநாள் இன்னொரு இருபது ரூபாய்த் தாள் வாங்கினேன்.